"ஹேவ் டு" ஃப்ரேசல் வெர்ப்தானா? கட்டாயத்தைச் சொல்லும் ஆங்கிலம்

கேள்வி, ஜனவரி 9
ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்ல 'மஸ்ட்' போதும் என்றுதான் படித்தேன். ஆனால் பேச்சில் அதை யாரும் அதிகம் சொல்வதாகத் தெரியவில்லை. 'ஹேவ் டு', 'காட் டு', 'சப்போஸ்ட் டு' என்றே காதில் விழுகிறது. இதெல்லாம் ஃப்ரேசல் வெர்ப்தானே? அப்படியானால் கட்டாயத்தைச் சொல்லும் வேலையை ஆங்கிலம் ஃப்ரேசல் வெர்புகளிடம் ஒப்படைத்துவிட்டது என்று சொல்லலாமா?

ஜனவரி 9, இரவு
தாராளமாகச் சொல்லலாம். ஒரு வினையும் பக்கத்தில் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தந்தால் ஃப்ரேசல் வெர்ப். 'ஹேவ்' என்றால் வைத்திருப்பது. 'டு' ஒட்டியதும் 'செய்தாக வேண்டும்' என்று ஆகிவிடுகிறது. கணக்குச் சரி.

ஜனவரி 10, காலை
கணக்குச் சரியில்லை. படுத்த பிறகுதான் உறுத்தியது.

'புட் ஆஃப்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடுவது. 'புட் இட் ஆஃப்' என்று நடுவில் 'இட்' நுழையும். 'லுக் ஃபார்வர்ட் டு' என்றால் ஆவலோடு எதிர்பார்ப்பது. அங்கே 'இட்' கடைசியில் வரும், ஆனால் வரும். இப்போது 'ஹேவ் டு'வில் ஒரு 'இட்'டைச் செருகிப் பாருங்கள். 'ஹேவ் டு இட்' என்று ஒரு வாக்கியத்தை எந்த ஊர் ஆங்கிலத்திலும் கேட்க முடியாது. காரணம், அந்த 'டு' முன்னால் இருக்கும் 'ஹேவ்'வுக்குச் சொந்தமில்லை. அடுத்து வரும் வினைக்குச் சொந்தம். 'டு கோ', 'டு ரைட்' என்பதில் உள்ள 'டு' அது.

ஃப்ரேசல் வெர்பில் இருக்கும் சின்னச் சொல் 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'ஆன்' மாதிரி திசை காட்டும் இடைச்சொல். 'ஹேவ் டு'வில் திசை எதுவும் இல்லை. ஆகவே நேற்று இரவு சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜனவரி 10, மதியம்
மறுபடியும் நானே. 'டு' அடுத்த வினைக்குச் சொந்தம் என்று காலையில் அடித்துச் சொல்லிவிட்டேன். காது வேறு சொல்கிறதே!

வேகமாகப் பேசுகிறவர் 'ஹேவ் டு' என்று சொல்வதில்லை. 'ஹாஃப்ட' என்கிறார். 'ஹேவ்'வின் கடைசி ஒலி மாறி 'ஃப்' ஆகிவிடுகிறது. 'ஹேஸ் டு' என்பதும் அப்படியே 'ஹாஸ்ட' ஆகிறது. ஆனால் 'எனக்கு இரண்டு கடிதம் வந்திருக்கிறது' என்ற பொருளில் 'ஐ ஹேவ் டூ லெட்டர்ஸ்' என்று சொல்லும்போது அதே வாய் 'வ்' ஒலியைப் பத்திரமாகச் சொல்லும். எழுத்தில் தனித்தனியாக நிற்கிற இரண்டு சொல் நாக்கில் ஒன்றாகிவிட்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 'ஐ டோன்ட் வான்ட் டு கோ, பட் ஐ ஹேவ் டு' என்று சொல்லி அங்கேயே முற்றுப்புள்ளி வைக்கவும் முடிகிறது. 'டு' தனக்குரிய வினையை விட்டுவிட்டு 'ஹேவ்'வோடு உட்கார்ந்துவிட்டது.

ஆக அது ஃப்ரேசல் வெர்பும் இல்லை, வெறும் 'ஹேவ்'வும் இல்லை. 'மஸ்ட்', 'ஷுட்' மாதிரியான துணைவினைகளை மோடல் என்பார்கள் அல்லவா? இலக்கணக்காரர்கள் 'ஹேவ் டு', 'பி கோயிங் டு', 'பி சப்போஸ்ட் டு' போன்றவற்றைப் பெரும்பாலும் செமி மோடல் என்கிறார்கள், அதாவது பாதித் துணைவினை. சிலர் ஃப்ரேசல் மோடல் என்று எழுதுகிறார்கள். குழப்பத்தின் வேர் இந்தப் பெயரில்தான் இருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. யாரோ வகுப்பில் ஃப்ரேசல் மோடல் என்று சொல்ல, கேட்டவர் குறிப்பேட்டில் ஃப்ரேசல் வெர்ப் என்று எழுதியிருப்பார். நேற்று இரவு நான் எழுதியதற்கும் அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் தூக்கம்.

ஜனவரி 11
'மஸ்ட்' வழக்கொழிந்துவிட்டதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒழியவில்லை, இளைத்திருக்கிறது. 1961-இல் அச்சான அமெரிக்க, பிரிட்டிஷ் எழுத்திலிருந்து தலா சுமார் பத்து லட்சம் சொற்கள் கொண்ட இரண்டு தொகுப்புகள் உண்டு. பிரவுன், எல்ஓபி என்று பெயர். அதே அளவில், அதே வகை எழுத்தை வைத்து 1990-களின் தொடக்க எழுத்துக்கும் தொகுப்புகள் செய்தார்கள். ஜெஃப்ரி லீச் என்ற மொழியியலாளர் இவற்றை ஒப்பிட்டபோது இரு நாட்டு எழுத்திலும் 'மஸ்ட்' நன்றாகக் குறைந்திருந்தது, 'நீட் டு' ஏறியிருந்தது. எழுத்திலேயே இப்படி என்றால் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

ஏன் இளைத்தது? என் ஊகம் இது. 'யூ மஸ்ட்' என்றால் சொல்பவர் மேலே நிற்கிறார், கேட்பவர் கீழே நிற்கிறார். 'யூ ஹேவ் டு' என்றால் இருவருமே கீழே நிற்கிறார்கள், கட்டாயம் எங்கோ வெளியிலிருந்து வருகிறது. 'யூ நீட் டு' என்றால் அது உங்கள் நன்மைக்கே என்ற பாவனை. அதிகாரத்தை மறைத்துப் பேசப் பழகிய காலத்தில் எந்தச் சொல் பிழைக்கும் என்பது தெரிந்ததே.

ஜனவரி 11, அரை மணி நேரம் கழித்து
மேலே எழுதியதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'மஸ்ட்' என்றால் பேசுபவரின் கட்டளை, 'ஹேவ் டு' என்றால் வெளிக்கட்டாயம் என்று எல்லாப் பாடப்புத்தகமும் எழுதும். பேசுகிறவர்கள் அதை மதிப்பதில்லை. அமெரிக்கர்கள் கட்டளைக்கும் 'ஹேவ் டு'வையே போட்டுவிடுகிறார்கள்.

ஜனவரி 12
என் சொந்த அவமானக் கதை ஒன்று. எழுதினால்தான் ஆறும்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் வெளிநாட்டில் இருந்த ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் திருத்திய கோப்பை எனக்கு அனுப்ப வேண்டும். அவசரம் இல்லை, திங்களுக்குள் வந்தால் போதும். என் மனதில் இருந்த தமிழ் வாக்கியம், 'திங்களுக்கு முன்னால் அனுப்ப வேண்டாம், மெதுவாகச் செய்யுங்கள்.' பெருந்தன்மையோடு எழுதியது. ஆங்கிலத்தில் போனது 'யூ மஸ்ட் நாட் சென்ட் இட் பிஃபோர் மண்டே.'

அவர் வேலையை வியாழக்கிழமையே முடித்துவிட்டார். கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு திங்கள் வரை காத்திருந்தார். இங்கே நான் வெள்ளியன்றிலிருந்து 'இந்த மனிதர் இன்னும் அனுப்பவில்லையே' என்று புலம்பிக்கொண்டிருந்தேன். திங்கள் காலை கோப்பு வந்தது, கூடவே ஒரு கேள்வியும்: முன்னால் அனுப்பினால் உங்கள் பக்கம் என்ன சிக்கல் வந்திருக்கும், தெரிந்துகொள்ளலாமா?

'மஸ்ட் நாட்' என்பதில் 'நாட்' போய் ஒட்டுவது செயலோடு. அனுப்பாமல் இருப்பது கட்டாயம் என்று பொருள். 'டோன்ட் ஹேவ் டு' என்பதில் மறுப்பு கட்டாயத்தோடு ஒட்டுகிறது. அனுப்பியே ஆக வேண்டும் என்பதில்லை என்று பொருள். தமிழில் இதற்குத் தனித்தனி வடிவம் இருக்கிறது. 'அனுப்பக் கூடாது' ஒன்று, 'அனுப்ப வேண்டியதில்லை' மற்றது. பிரச்சினை 'வேண்டாம்' என்ற சொல்லில்தான். அது இரண்டு பக்கமும் போகும். 'உள்ளே வர வேண்டாம்' என்றால் தடை. 'சிரமப்பட வேண்டாம்' என்றால் தேவையில்லை. குரலையும் முகத்தையும் வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். மின்னஞ்சலில் இரண்டும் இல்லை, அதுவும் ஆங்கிலத்தில்.

நமக்கு மட்டும் வந்த வியாதி இது இல்லை என்பது ஒரு ஆறுதல். ஜெர்மன் மொழியில் 'மஸ்ட்'டின் உறவுக்கார வினையோடு 'இல்லை' சேர்த்தால் 'தேவையில்லை' என்றே பொருள். ஆகவே ஜெர்மானியர்களும் ஆங்கிலத்தில் இதே குழியில் விழுகிறார்கள்.

ஜனவரி 12, இரவு
'நாட் சப்போஸ்ட் டு' என்ன செய்யும் என்று கேட்டவருக்கு: அதுவும் தடைதான். 'யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு பி ஹியர்' என்றால் நீங்கள் இங்கே இருக்க வேண்டிய அவசியமில்லை என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். வெளியே போகச் சொல்கிறார்கள்.

ஜனவரி 14
இரண்டு நாளாக ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. 'ஹேவ் டு' ஒட்டிப்போய் 'ஹாஃப்ட' ஆனதை ஏதோ அதிசயம் போல எழுதினேன். நம் வாயில் தினமும் அதே வேலை நடக்கிறது. 'செய்ய வேண்டும்' என்பது 'செய்யணும்' ஆகிறது. 'வேண்டும்' என்ற முழுச் சொல் தேய்ந்து 'ணும்' என்ற வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 'காட் டு'வை ஆங்கிலேயர் 'காட்டா' ஆக்கினார்கள் என்றால் நாம் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டோம். அவர்களுடையது இன்னும் தனிச் சொல்லாகக் காதில் நிற்கிறது, நம்முடையது விகுதியாகவே ஆகிவிட்டது.

இன்னொரு ஒற்றுமை இதைவிட வேடிக்கை. 'மஸ்ட்'டுக்கு இறந்தகாலம் கிடையாது. நேற்றுப் போக வேண்டியிருந்ததைச் சொல்ல 'ஹேட் டு'விடம் கை நீட்ட வேண்டும். ஏன் என்றால் 'மஸ்ட்' தானே ஒரு பழைய இறந்தகால வடிவம். பழைய ஆங்கிலத்தில் 'அனுமதி உண்டு' என்ற பொருளில் ஒரு வினை இருந்தது. அதன் இறந்தகாலம் நிகழ்காலமாக வேலை பார்க்கத் தொடங்கி, பொருளும் மாறி, அனுமதி கட்டாயமாகிவிட்டது. ஏற்கனவே ஒருமுறை இறந்ததை மறுபடி எப்படிக் கொல்வது?

சரி, 'போக வேண்டும்' என்பதற்கு இறந்தகாலம் சொல்லுங்கள் பார்ப்போம். 'போக வேண்டினேன்' என்று யாரும் சொல்லமாட்டார்கள், சொன்னால் கோயிலில் வேண்டிக்கொண்டதாகிவிடும். 'போக வேண்டியிருந்தது' என்று 'இரு'வைத் துணைக்கு அழைக்கிறோம். இதில் ஒரு நயமும் உண்டு. 'நான் போகணும்' என்பதும் 'போக வேண்டியிருக்கு' என்பதும் ஒன்றில்லை. இரண்டாவதில் சொல்பவர் தோளைக் குலுக்குகிறார், என் கையில் இல்லை என்கிறார். பாடப்புத்தகம் 'மஸ்ட்'டுக்கும் 'ஹேவ் டு'வுக்கும் இடையே தேடுகிற அந்த வேறுபாடு நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. இதற்கெல்லாம் மேலே 'போயாகணும்' என்று ஒன்று. 'ஐ ஹேவ் காட் டு கோ' என்று அழுத்திச் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜனவரி 15
'மஸ்ட்'டுக்கு இறந்தகாலமே இல்லை என்றதற்குத் திருத்தம் வந்திருக்கிறது. 'ஹி செட் ஐ மஸ்ட் கோ' என்று பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது 'மஸ்ட்' அப்படியே நிற்கும். உண்மை. 'போக வேண்டும் என்றார்' என்பதில் 'வேண்டும்' நிற்பது போல. ஒப்புக்கொள்கிறேன்.

'மஸ்ட் ஹேவ் கான்' இறந்தகாலம் இல்லையா என்றும் கேட்கிறார். அது ஊகம், கட்டாயம் அல்ல. போயிருப்பார் என்று நினைக்கிறேன் என்பதே பொருள். போயிருக்க வேண்டும் என்று... அடடா. 'அவர் போயிருக்க வேண்டும்' என்று எழுதும்போதே மாட்டிக்கொண்டேன். வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துச் சொன்னால் அது 'மஸ்ட் ஹேவ் கான்'. போகாததற்குக் கோபப்பட்டுச் சொன்னால் 'ஷுட் ஹேவ் கான்'. ஒன்றில் அவர் போய்விட்டார், இன்னொன்றில் போகவில்லை. ஒரே தமிழ் வாக்கியம். இதை மொழிபெயர்க்கும்போது நான் எப்போதும் ஒரு வாக்கியம் முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் தொடுவேன்.

ஜனவரி 16
'காட் டு' பற்றிக் கொஞ்சம். தமிழ் எழுத்தில் கடவுள் மாதிரித் தெரிகிறது என்று கிண்டல் செய்தவருக்கு வணக்கம். 'ஷுட்' மாதிரியே பொருள் தரும் 'ஆட் டு'வை எழுதினால் ஆட்டுக்குட்டி வருகிறது, என்ன செய்ய?

இங்கே ஒரு நல்ல பொறி இருக்கிறது. 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹிம்' என்றால் அவரைப் பார்த்தாக வேண்டும். 'ஐ காட் டு மீட் ஹிம்' என்றால், இறந்தகாலமாக எடுத்துக்கொண்டால், அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒன்று சுமை, மற்றது பாக்கியம். பேச்சில் அந்த 'ஹேவ்' தேய்ந்து மறைந்துவிடுகிறது. பிறகு சுமையா பாக்கியமா என்பதைச் சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜனவரி 18
இப்போது நிஜமான ஃப்ரேசல் வெர்புகள். முதல் நாள் கேள்விக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது, ஒன்பது நாள் தாமதம்.

'செய்தாக வேண்டும்' என்று நேராகச் சொல்லும் ஃப்ரேசல் வெர்ப் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கட்டாயம் உங்கள்மேல் எப்படி வந்து சேர்ந்தது, அதைச் சுமக்கிறீர்களா, உதறுகிறீர்களா என்ற கதையைச் சொல்வதற்கு மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அதைச் சொல்வது பெரும்பாலும் வினை அல்ல, பின்னால் வரும் இடைச்சொல்.

'ஆன்' வந்தால் பாரம் மேலே ஏறுகிறது. 'டேக் ஆன்' என்றால் நீங்களே இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள். 'கால் ஆன்' என்றால் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுக்கிறார்கள். 'வெய் ஆன்' என்றால் அது மனதை அழுத்துகிறது. 'இன்டு' வந்தால் நீங்கள் உள்ளே இழுக்கப்பட்டவர். 'டாக்ட் இன்டு' என்றால் பேசிப்பேசியே சம்மதிக்க வைத்துவிட்டார்கள். 'ரோப்ட் இன்டு' என்றால் கயிறு போட்டு இழுத்தே விட்டார்கள். மாட்டிவிட்டார்கள் என்று நாம் சொல்வதுதான். 'வித்' வந்தால் நீங்கள் அதோடு தனியாக விடப்பட்டவர். 'சாடில்ட் வித்' என்பதில் சேணமே இருக்கிறது. முதுகில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நாம் முதுகைவிடத் தலையை அதிகம் நம்புகிறோம், 'என் தலையில் கட்டிவிட்டான்' என்கிறோம். 'இட் ஃபெல் டு மீ டு டெல் தெம்' என்ற வாக்கியத்தை நான் யோசிக்காமல் 'அவர்களிடம் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது' என்று போடுவேன். இரண்டு மொழியிலும் அது விழுகிறது, யாரும் கொடுப்பதில்லை. யார் போட்டார்கள் என்று கேட்டால் இரண்டு மொழியிலும் பதில் கிடையாது.

தப்பிப்பதற்கு 'அவுட்', 'ஆஃப்'. 'பேக் அவுட்' என்றால் ஒத்துக்கொண்ட பிறகு பின்வாங்குவது. 'கெட் அவுட் ஆஃப்' என்றால் எப்படியோ கழன்றுகொள்வது. 'ரிகிள் அவுட் ஆஃப்' என்பதில் புழு மாதிரி நெளிந்து நழுவும் காட்சி இருக்கிறது. 'லெட் ஆஃப்' என்றால் நீங்கள் நழுவவில்லை, அவர்களாகப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

'அப் டு' வந்தால் தலைநிமிர்ந்து எதிரே நிற்பது. 'ஃபேஸ் அப் டு' என்றால் ஓடாமல் எதிர்கொள்வது, 'ஓன் அப் டு' என்றால் நான்தான் செய்தேன் என்று ஒத்துக்கொள்வது, 'லிவ் அப் டு' என்றால் எதிர்பார்த்த உயரத்துக்கு நடந்துகொள்வது. வெறும் 'டு' மட்டும் வந்தால் பிடித்துக்கொள்வது. 'ஸ்டிக் டு' என்றால் நீங்கள் சொல்லைப் பிடித்துக்கொள்கிறீர்கள். 'ஐ வில் ஹோல்ட் யூ டு தட்' என்றால் சொன்ன சொல்லில் உங்களை இன்னொருவர் பிடித்து வைக்கிறார். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

ஜனவரி 18, இரவு
'அவுட்' என்றால் தப்பிப்பது என்றால், கடமையை முழுசாகச் செய்து முடிப்பதை ஏன் 'கேரி அவுட்' என்கிறார்கள் என்று ஒருவர் மடக்கிவிட்டார்.

நியாயம். அங்கே 'அவுட்' கடைசி வரை என்ற பொருளில் வருகிறது. ஒரே இடைச்சொல் கடமையை விட்டு வெளியேயும் போகும், கடமையின் முடிவுக்கும் போகும். காலையில் எழுதியதை விதி என்று படிக்காமல் ஒரு சாய்வு என்று படியுங்கள். நானும் அவ்வளவு அழகாக வந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 19
'இட்ஸ் அப் டு யூ' என்ற வாக்கியம் என்னை ஒருமுறை நன்றாகவே ஏமாற்றியிருக்கிறது. ஒரு முன்னுரை சேர்க்கலாமா என்று கேட்டதற்கு அந்தப் பதில் வந்தது. 'உங்கள் பொறுப்பு' என்று படித்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன். அவர்கள் சொன்னது 'உங்கள் இஷ்டம்'. வேண்டுமானால் எழுது, இல்லாவிட்டால் விடு.

என்னைக் குற்றம் சொல்லவும் முடியாது. பின்னால் ஒரு வினை வந்தால் அதே சொல் பொறுப்பாகவும் மாறும். 'இட்ஸ் அப் டு யூ டு மேக் ஷ்யூர்' என்றால் உறுதிசெய்வது உங்கள் வேலை. பிரிட்டிஷ்காரர்கள் பொறுப்பு என்பதற்கு 'டவுன் டு யூ' என்றும் சொல்வார்கள். மேலே போனாலும் கீழே போனாலும் வேலை நம்மிடம்தான் வந்து சேர்கிறது.

ஜனவரி 21
'ஹேட் பெட்டர்' விட்டுப்போயிற்று. பார்த்தால் இறந்தகாலம், பொருள் இறந்தகாலம் இல்லை. பார்த்தால் அறிவுரை, உள்ளே மிரட்டல். 'யூ ஹேட் பெட்டர் லீவ்' என்பதை 'நீங்கள் கிளம்புவது மேலானது' என்று மொழிபெயர்த்திருந்த ஒரு பக்கத்தைத் திருத்தியிருக்கிறேன். 'கிளம்பிவிடுவது நல்லது' என்று மாற்றினேன். அந்த 'விடு' வந்ததும்தான் வாக்கியத்துக்குள் பல் முளைத்தது.

ஜனவரி 22
இணையத் தொழில்நுட்பத்தில் வேலை செய்யும் ஒருவர், அவர்கள் ஆவணங்களில் 'மஸ்ட்' உயிரோடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஆமாம், நான் மறந்தே போனேன். இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்களுக்காக 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 என்று ஓர் ஆவணம் வெளியானது. கட்டாயச் சொற்களுக்குப் பொருள் வரையறுப்பதுதான் அதன் வேலையே. 'மஸ்ட்', 'ஷல்' இரண்டும் விலக்கில்லாத கட்டாயம். 'ஷுட்' என்றால் தக்க காரணம் இருந்தால், விளைவுகளை எடைபோட்டுப் பார்த்த பிறகு மீறலாம். 'மே' என்றால் விருப்பம்.

பட்டியலில் 'ஹேவ் டு' இல்லை. 11-ஆம் தேதி நான் ஊகமாக எழுதியதற்கு இது ஒரு சின்னச் சாட்சி என்று எடுத்துக்கொள்கிறேன். விதியை எழுதுகிறவரே கட்டாயப்படுத்துகிறவர். அவர் 'ஹேவ் டு' என்று எழுதினால், கட்டாயம் வேறு எங்கிருந்தோ வருகிறது, நான் வெறுமனே தகவல் சொல்கிறேன் என்று ஆகிவிடும்.

'ஷல்' மட்டும் இப்போது கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அமெரிக்க மத்திய அரசின் எளிய மொழி வழிகாட்டுதல்கள், விதிகளில் 'ஷல்'லுக்குப் பதில் 'மஸ்ட்' எழுதச் சொல்கின்றன. பேச்சில் இளைத்துப்போன 'மஸ்ட்'டுக்குச் சட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது.

ஜனவரி 24
இன்று வேலையே ஓடவில்லை, இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

'ஹேவ்' என்றால் உடைமை. 'எழுத ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது' என்ற வாக்கியம் மெல்ல இடம் மாறி 'ஒரு கடிதம் எழுத வேண்டும்' ஆனது என்றுதான் 'ஹேவ் டு'வின் கதையைச் சொல்வார்கள். 'ஆட் டு'வும் அதே வழியில் வந்ததுதான். அது 'ஓ' என்ற வினையின், அதாவது கடன்பட்டிருப்பதைச் சொல்லும் வினையின், பழைய இறந்தகாலம். அந்த வினைக்கும் ஆதியில் உடைமை என்றே பொருள். 'ஷுட்' பிறந்த 'ஷல்'லும் பழைய ஆங்கிலத்தில் கடன்பட்டிருப்பதைச் சொன்ன வினை. ஆக ஆங்கிலத்தின் கட்டாயச் சொற்களில் மூன்றைச் சுரண்டினால் அடியில் உடைமையோ கடனோ தெரிகிறது.

நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று அப்பர் பாடியபோது வட்டிக்கு வாங்கியதையா சொன்னார்? கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதைப் படித்த பிறகு 'ஆட் டு'வை என்னால் 'வேண்டும்' என்று மட்டும் மொழிபெயர்க்க முடியவில்லை. இடம் கிடைத்தால் 'கடமை' என்று போட்டுவிடுகிறேன். வாசகருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கடனுக்கு அடுத்தது கட்டு. 'ஆப்ளிகேஷன்' என்ற சொல் லத்தீனில் கட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வருகிறது. 'பவுண்ட் டு' என்பதிலும் கட்டுத்தான் இருக்கிறது. சட்டத்துக்கு 'பவுண்ட்' என்றால் கட்டுப்பட்டவர். ஆனால் 'இட்ஸ் பவுண்ட் டு ரெய்ன்' என்றால் மழைக்கு யாரும் கட்டளை போடவில்லை, நிச்சயம் வரும் என்று பொருள். நம்முடைய 'கட்டாயம்' என்ற சொல்லை இங்கே வைத்துப் பாருங்கள். 'கட்டாயம் வரணும்' என்றால் கடமை. 'கட்டாயம் மழை வரும்' என்றால் நிச்சயம். அப்படியே உட்காருகிறது.

ஜனவரி 25
கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, தேர்வில் 'ஹேவ் டு' என்ன வகை என்று கேட்டால் எதை எழுதுவது என்கிறார். செமி மோடல் என்று எழுதுங்கள். திருத்துபவர் ஃப்ரேசல் வெர்ப் என்று எதிர்பார்த்தால் 10-ஆம் தேதி காலைக் குறிப்பைக் காட்டுங்கள். மதியக் குறிப்பைக் காட்டாதீர்கள்.

ஜனவரி 30
12-ஆம் தேதி எழுதிய கதையில் வரும் அந்த மனிதரோடு இன்னும் தொடர்பு இருக்கிறது. இந்த இழையை எழுதிய குற்றவுணர்ச்சியில், அந்த வியாழன் முதல் திங்கள் வரை அவரைக் காத்திருக்க வைத்ததற்கு, இத்தனை வருடம் கழித்து, மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நடந்ததை விளக்கி, 'மஸ்ட் நாட்'டையும் 'டோன்ட் ஹேவ் டு'வையும் பிரித்து, நாலு பத்தி.

பதில் ஒரே வரி. 'யூ நீடன்ட் ஹேவ் அப்பாலஜைஸ்ட்.' மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள், ஆனால் தேவையிருக்கவில்லை என்று அதற்குப் பொருள். 'யூ டிடின்ட் ஹேவ் டு' என்று எழுதியிருந்தால் நான் கேட்டேனா இல்லையா என்பதே அந்த வாக்கியத்திலிருந்து தெரிந்திருக்காது. யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்.